யூனிட்டுக்கு ஒரு காசு

(தோட்டத் தொழிலாளர் கிளைப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

கிராணி ஒருவன் தொழிலாளர் மேடையில் ஏறிப் பேசுவதென்றால் சிலருக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கும். கிராணி என்றால் துரை பக்கத்து ஆள் என்பது நம் பாட்டன் காலத்துக் கணக்கு. அந்தக் கணக்கு தீர்ந்து வெகு காலமாயிற்று. செக்ரோலில் உங்கள் பெயர் இல்லாமற் போனால், அதை எழுதுகிற கிராணிக்கு மட்டும் நாற்காலி எதற்கு? சிப்பந்தி சங்கத்தான் என்று ஒதுக்காமல் என்னையும் பேச அழைத்த தலைவருக்கு நன்றி.

இன்று நான் மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே பேச்சாக வந்து முடியும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் கோப்பில் இருப்பதை வெளியே சொல்வது என் வேலைக்கு அழகல்ல, சொல்லவும் மாட்டேன். ஆனால் பழைய பால்மரக் காட்டில் மூன்று மாதமாக நில அளவுக்காரர்கள் நடமாடுவதைக் கோப்பைப் பார்த்துத்தானா தெரிந்துகொள்ள வேண்டும்? சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளைப் பிரட்டுக்குப் போகும்போது நீங்கள் எல்லோரும் பார்க்கிறீர்கள். சூரிய மின்பண்ணை வரப்போகிறது என்று கடைத்தெருவில் பேச்சு. வந்தாலும் வரும், வராமலும் போகும். இங்கே வராவிட்டால் வேறொரு தோட்டத்தில் வரும். எனவே இது நம் ஒரு தோட்டத்துப் பேச்சு அல்ல.

அரசாங்கம் என்ன நினைக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 2023ம் ஆண்டு மே மாதம் அரசாங்கம் ஓர் இலக்கை அறிவித்தது. 2050க்குள் இந்நாட்டின் மின் உற்பத்தித் திறனில் நூற்றுக்கு எழுபது பங்கு, வெயில், நீர், கழிவு முதலிய தீராத மூலங்களிலிருந்து வர வேண்டும் என்பது அந்த இலக்கு. அதற்கு வேண்டிய முதலீடு 637 பில்லியன் வெள்ளி. நம் கணக்கில் 63,700 கோடி. அதே ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டு பகுதிகளாக எரிசக்தி மாற்றத் திட்டம் வெளியிடப்பட்டது. இத்தனை கோடி வரும் இடத்தில் நிலம் வேண்டும். தட்டையாகக் கிடக்கும் நிலம், சாலை போட்ட நிலம், ஒரே பட்டாவில் இருக்கும் நிலம் யாரிடம் இருக்கிறது? தோட்ட முதலாளிகளிடம் இருக்கிறது. முளைக்குச்சிகள் வந்த வழி இதுதான்.

இந்தத் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தீபகற்பத்தில் மின்சாரத்தின் பெரும் பங்கு நிலக்கரியாலும் எரிவாயுவாலும் வருகிறது. அந்த நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் கப்பலேறி வருவது. 2022ல் உலகச் சந்தையில் நிலக்கரி விலை ஏறியபோது, நம் வீட்டுப் பில் ஏறாமலிருக்க அந்த ஆண்டின் பிற்பாதிக்கு மட்டும் அரசாங்கம் 580 கோடி வெள்ளி போட வேண்டியதாயிற்று. எவனோ சந்தையில் விலையை ஏற்ற, நம் பொதுப் பணம் போனது. வெயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. மழை பெய்தால் நமக்கும் வெட்டில்லை, தகட்டுக்கும் வேலையில்லை என்பது உண்மையே. ஆனால் தகட்டுக்காரருக்கு வங்கி மழைநாளையும் கணக்கில் சேர்த்தே கடன் கொடுக்கிறது. நமக்கு அப்படி யார் கொடுத்தார்கள்?

யாருக்கு வெளிச்சம், யாருக்கு இருட்டு

இந்நாட்டில் மின்சாரம் எப்போதும் முதலில் முதலாளியின் வாசலுக்கே போயிருக்கிறது. பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930ல் ஓடத் தொடங்கியது. கிந்தா ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுப்பதற்காகக் கட்டிய அணை அது. ஆற்று நீர் யாருடையது என்று அன்று எவரும் கேட்கவில்லை. கம்பி தோட்டங்களின் மேலே போயிற்று. லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. பிறகு ஜெனரேட்டர் வந்தது; மாலையில் போட்டு இரவு பத்து மணிக்கு நிறுத்துவார்கள். பத்து மணிக்கு மேல் படிக்கிற பிள்ளை மெழுகுவர்த்தியோடு படிக்கும். தோட்டம் தனியார் நிலம் என்ற ஒரே காரணத்தால் கிராமங்களுக்குப் போன அரசாங்க மின்சாரம் பல லயங்களுக்கு வெகு காலம் வந்து சேரவில்லை. 1990ம் ஆண்டுச் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுக்கிற தோட்டம் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னது. அந்தச் சட்டமும் தானாக வானத்திலிருந்து இறங்கவில்லை. சங்கங்கள் ஆண்டுக் கணக்காகக் கேட்டுக் கேட்டு வந்தது.

அடுத்து 1992. அந்த ஆண்டு செப்டம்பர் 29ம் தேதி தீபகற்பம் முழுவதும் இருண்டது. உடனே அரசாங்கம் தனியார் மின்நிலையங்களுக்குக் கதவைத் திறந்தது. 1993ல் முதல் உரிமம். இருபத்தோரு ஆண்டு ஒப்பந்தம். அதில் ஒரு ஷரத்து: மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்துக்குப் பணம் உண்டு. நாள்கூலிக்காரருக்கு இப்படி ஒரு ஷரத்து எழுதிக் கொடுக்க எந்தத் துரையாவது சம்மதிப்பாரா? வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சம்பளம் என்று எழுதுவாரா? முதலீடு என்பதன் பாஷையே இதுதான், தோழர்களே. பணம் போடுகிறவன் முதலில் உத்தரவாதம் கேட்கிறான். அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. உத்தரவாதம் இல்லாமல் வங்கி ஒரு காசும் நீட்டாது. உத்தரவாதத்தை எழுத்தில் வாங்கத் தெரிந்தவன் பிழைக்கிறான். நாமும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வெயிலுக்கு விலை வைத்த விதம்

2001லேயே சிறு மின்நிலையங்களுக்கு ஒரு திட்டம் போட்டார்கள். 2005க்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு மின்சாரம் இப்படி வர வேண்டும் என்றார்கள். வரவில்லை. விலை கட்டுப்படியாகவில்லை, எவரும் பணம் போட முன்வரவில்லை.

பிறகு 2011ல் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல், வெயிலில் மின்சாரம் செய்து விற்பவருக்கு இருபத்தோரு ஆண்டுக்கு மாறாத விலை. செம்பனை ஆலைக் கழிவு வாயுவுக்கும் மரக்கழிவுக்கும் பதினாறு ஆண்டு. வீட்டுக் கூரையில் வைக்கும் சிறு அமைப்புக்கு ஆரம்பத்தில் யூனிட்டுக்கு 1 வெள்ளி 23 காசு கிடைத்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மின்சாரப் பில்லில் ஒரு நிதி சேர்த்தார்கள். முதலில் நூற்றுக்கு ஒன்று. 2014 ஜனவரியிலிருந்து 1.6. மாதம் 300 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளை இதில் சேர்க்கவில்லை. அது நல்ல காரியம், பாராட்டுகிறேன்.

ஆனால் லாபம் பெற்றவர் யார் என்று பாருங்கள். சொந்தக் கூரை இருப்பவர். கையில் ரொக்கம் இருப்பவர். லயத்துக் கூரை யாருடையது? கம்பெனியுடையது. 2016ல் கூரை மின்சாரத்தைப் பில்லில் கழிக்கும் திட்டம் வந்தது. 2025ல் வீட்டுக் கூரைகளைக் குத்தகைக்கு எடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எல்லாம் கூரைக்குச் சொந்தக்காரருக்கே. நாற்பது ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவருக்கு அந்தக் கூரைமேல் விழும் வெயிலில் பாத்தியதை இல்லை.

2016 முதல் பெரிய பண்ணைகளுக்கு ஏலம். யார் குறைந்த விலைக்கு மின்சாரம் தருகிறாரோ அவருக்கு ஒப்பந்தம். 2019ல் நடந்த மூன்றாம் ஏலத்தில் மிகக் குறைந்த கேள்வி யூனிட்டுக்கு 18 காசுக்கும் கீழே இறங்கியது. கூரை அமைப்பையும் பெரும் பண்ணையையும் ஒன்றாக வைத்து ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் எங்கே இருந்த விலை எங்கே வந்துவிட்டது! ஒப்பந்தக் காகிதம் கையில் இருந்தால் சந்தை பணம் கொடுக்கிறது. 2017ல் சபாவில் 50 மெகாவாட் பண்ணைக்காக 25 கோடி வெள்ளிக்குப் பசுமைச் சுக்குக் பத்திரம் வெளியிட்டார்கள். உலகத்திலேயே அந்த வகையில் முதல் பத்திரம் அது.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தப் பணத்தில் நம் பணமும் இருக்கிறது. நம் சம்பளத்தில் நூற்றுக்குப் பதினொன்று பிடித்து ஊழியர் சேமநிதியில் போடுகிறார்களே, அந்தச் சேமநிதி தெனாகா நேஷனல் கம்பெனியின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று. நாம் ஏற்கெனவே மின்சார முதலாளிகள்தாம்! வாய் மட்டும் இல்லாத முதலாளிகள்.

தகடு வந்த இடத்தில் ஆள் எங்கே?

இப்போது நம் பாட்டுக்கு வருவோம். சிலாங்கூரில் கோலலங்காட் வட்டாரத்தில் 2018ல் ஒரு பண்ணை ஓடத் தொடங்கியது. 50 மெகாவாட். நிலம் 98 ஹெக்டர், அதாவது சுமார் 242 ஏக்கர். அந்தப் பண்ணை நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்ற பேச்சுக்கு நான் போகவில்லை. அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாள்விட்டு நாள் வெட்டில் ஒரு வெட்டாளுக்குச் சுமார் எட்டு ஏக்கர் என்று வைத்தால், அந்த அளவு பால்மரக் காட்டில் 30 வெட்டாட்கள் இருப்பார்கள். கங்காணி, ஸ்டோர்க்காரர், மருந்தடிப்பவர், பிள்ளை மடுவத்து ஆயா எல்லாம் தனி. தகடு வைத்த பிறகு? கட்டும்போது ஓராண்டுக்குக் கூட்டம் இருக்கும். அதுவும் கான்ட்ராக்டர் கூட்டிவரும் ஆள். கட்டி முடித்தபின் காவல், புல் வெட்டு, தகடு கழுவுவது, ஒரு சில மின் தொழில்நுட்பர். விரல்விட்டு எண்ணிவிடலாம். வெயில் கூலி கேட்காது அல்லவா?

வேலை போனால் சட்டம் என்ன கொடுக்கிறது? 1980ம் ஆண்டு ஒழுங்கு விதிப்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு வெட்டிய ஓர் அக்காவுக்கு 600 நாள். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 33,500 வெள்ளி. வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெருநகரங்களில் மலிவு விலை வீட்டுக்கு 1998ல் வைத்த உச்ச விலையே 42,000 வெள்ளி. இன்று என்ன விலை என்பதை வீடு தேடி அலைந்தவர்களைக் கேளுங்கள். முப்பது ஆண்டு உழைப்பு ஒரு வீட்டின் வாசற்படிக்குக்கூடச் சரியாகக் காணாது. வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம் பக்கத்து நிரையில் வெட்டுகிற தோழர்களுக்கு இதைவிட மோசம். வேலை போனால் பெர்மிட்டும் போகும்.

பசுமை என்ற பெயர் வைத்ததால் மட்டும் ஏழைக்குத் தீங்கு வராது என்று நம்பிவிடக் கூடாது. சரவாக்கில் பாக்கூன் அணை 2,400 மெகாவாட். கரி எரிக்காத மின்சாரம்தான். அதற்காக ஏறக்குறைய சிங்கப்பூர் அளவு நிலம் நீரில் மூழ்கியது. சுமார் பத்தாயிரம் பூர்வகுடி மக்கள் 1998 தொடங்கிச் சுங்கை ஆசாப்புக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அணை மின்சாரம் கொடுத்தது 2011ல். ஆட்களைப் பெயர்த்துப் பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகு! வேண்டியபோது ஆட்களை எவ்வளவு வேகமாக நகர்த்த முடிகிறது பாருங்கள்.

எல்லாம் இழப்பு என்றும் நான் சொல்லவில்லை. செம்பனை ஆலை இருக்கிற தோட்டங்களில் வேறு கதை. ஒரு டன் பழக்குலை அரைத்தால் அரை டன்னுக்கு மேல் கழிவு நீர் வருகிறது. அது குளத்தில் நாறும்போது எழும்புகிற வாயுதான் மீத்தேன். ஒரு டன் கழிவு நீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் வாயு பிடிக்கலாம். அதை எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுக்கலாம். 2014 முதல் புதிதாகக் கட்டும் ஆலைகள் அந்த வாயுவைப் பிடித்தே ஆக வேண்டும் என்று செம்பனை வாரியம் விதி போட்டது. இதில் நிலம் போகாது, வீடு போகாது. பாய்லர் பார்த்த கை எஞ்சினையும் பார்க்கும். நம் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பினால் கைமேல் வேலை. வாயு பிடிக்கும் ஆலைகள் எவை, அங்கே எத்தனை பேர் நம் ஆட்கள் என்று சங்கம் கணக்கெடுக்க வேண்டும். நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

நாம் கேட்பது என்ன?

"நிலம் அவர்களுடையது, நாம் என்ன கேட்க முடியும்?" என்று சென்ற வாரம் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லும் விதமாக இரண்டு பழைய செய்திகளை நினைவுபடுத்துகிறேன்.

ஒன்று: 1950களில் பால்மரம் கிழடாயிற்று, மறுநடவுக்குப் பணமில்லை என்று முதலாளிகள் சொன்னார்கள். உடனே 1952ல் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ராத்தல் ரப்பருக்கும் நாலரைக் காசு வரி பிடித்து மறுநடவு நிதி சேர்த்தார்கள். மரத்தைப் புதுப்பிக்க நிதி உண்டு. 2011ல் மின்சாரத்தைப் புதுப்பிக்கவும் பில்லில் நிதி பிடித்தார்கள். அப்படியானால் மனிதனை மறுநடவு செய்வதற்கு ஒரு நிதி கேட்பது எப்படி அக்கிரமமாகும்?

இரண்டு: வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, தொழிலாளிகள் தெருவில் நின்ற காலத்தில், 1960ல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய பத்து வெள்ளி எத்தனை நாள் வேலை என்று உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள். அந்தக் காசைச் சேர்த்து மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால் வெட்டியவனே பங்குதாரன் ஆனான். நமக்கு முதலீடு தெரியாது என்று எவரும் சொல்ல வேண்டாம்.

இனிக் கணக்கு. 50 மெகாவாட் பண்ணை, குறைத்தே மதிப்பிட்டாலும், ஆண்டுக்கு ஏழரைக் கோடி யூனிட் கொடுக்கும். யூனிட் 20 காசு என்று வைத்தால் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வெள்ளி வருமானம். இது நானாகப் போட்ட கணக்கு. எந்தக் கம்பெனியின் கணக்கும் அல்ல. இதில் யூனிட்டுக்கு ஒரே ஒரு காசு, அந்த நிலத்தில் வேலை இழந்தவர்களின் நிதிக்குப் போகட்டும். ஆண்டுக்கு ஏழரை லட்சம் வெள்ளி! நான் சொன்ன 30 வெட்டாட்களும் முப்பதாண்டு சர்வீஸ் உள்ளவர்கள் என்றே வைத்தாலும், அத்தனை பேருக்கும் சட்டப்படியான தொகை பத்து லட்சம்தான். ஒன்றரை ஆண்டுக்குள் அந்தத் தொகைக்கு நிகரான பணம் நிதியில் சேர்ந்துவிடும். சட்டத் தொகையை முதலாளி கொடுக்கட்டும். அது அவர் கடமை. இந்தக் காசு வீட்டுக்கு. வீடு ஒன்று ஒரு லட்சம் என்றால் அறுபது குடும்பத்துக்கு அறுபது லட்சம், எட்டாண்டுப் பணம். ஒப்பந்தமோ இருபது ஆண்டுக்கு மேல். மிச்சத்தைக் கூட்டுறவில் போட்டு அதே பண்ணையில் பங்கு வாங்கலாம்.

"ஏலத்தில் ஒரு காசு கூடினால் அந்தக் கம்பெனிக்கு ஒப்பந்தம் கிடைக்காதே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காசுக்கும் குறைந்த வித்தியாசத்தில் ஏலம் கைமாறும். ஆகையால் இதை எந்த ஒரு முதலாளியின் தயவிலும் விடக் கூடாது. ஏல நிபந்தனையிலேயே எழுத வேண்டும். தோட்ட நிலத்தில் பண்ணை போடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காசு என்றால் எவருக்கும் நஷ்டமில்லை, எவருக்கும் சலுகையுமில்லை. முன்பு நடந்த ஏலங்களில் வெளிநாட்டார் பங்கு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை எழுதினார்கள். சொந்தக்காரன் யார் என்று எழுதத் தெரிந்த கைக்கு, வேலை இழப்பவன் யார் என்று எழுதவும் தெரியும். அந்த ஒரு காசால் மின்சார விலை கூடும் என்பதையும் நான் மறைக்கவில்லை. சிறிது கூடும். எல்லோருக்கும் பொதுவான காற்று சுத்தமாவதற்கு, நிலத்தை விட்டு எழும்புகிற நாம் மட்டும் விலை கொடுப்பதைவிட, எல்லோரும் துளித்துளியாகக் கொடுப்பது முறை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரம் மத்திய அரசாங்கத்தின் கையில். நிலம் மாநில அரசாங்கத்தின் கையில். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டுவார்கள். எனவே இரண்டு கடிதம் வேண்டும். ஏல நிபந்தனைக்காக எரிசக்தி ஆணையத்துக்கும், எரிசக்தி மாற்றம், நீர் உருமாற்ற அமைச்சுக்கும் ஒன்று. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி கொடுக்குமுன் தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று மாநில அரசாங்கத்துக்கு ஒன்று. மற்றக் கிளைகளும் இதேபோல் எழுத வேண்டும். ஒரு கிளை எழுதினால் கோப்பில் தூங்கும்.

இன்னொன்று, கிராணி என்ற முறையில் சொல்கிறேன். ஒவ்வொருவரும் எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, எதுவானாலும் சரி. கம்பெனி கைமாறிய தோட்டங்களில் பழைய சர்வீஸ் எண்ணப்படுமா என்ற தகராறு வருவதைப் பார்த்திருக்கிறேன். செக்ரோல் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லக் கேட்டும் இருக்கிறேன். சனிக்கிழமை மாலை சங்க அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். காகிதம் கொண்டுவருபவர்களுக்கு நகல் எடுத்து, பெயர், சேர்ந்த தேதி, வெட்டு நிரை எல்லாம் ஒரு புத்தகத்தில் ஏற்றித் தருகிறேன். காகிதம் இல்லாதவர்கள், கூட வேலை செய்த இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்து வாருங்கள்.

தீர்மானத்தின் வாசகத்தைச் செயலாளர் இப்போது படிப்பார். 'யூனிட்டுக்கு ஒரு காசு' என்பதை எழுத்திலும் எண்ணிலும் போட்டிருக்கிறோம். திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து நின்று சொல்லுங்கள், தாய்மார்கள் முதலில்.